அந்த டிரைவர் என்ன ஆனான்?

இலக்கியக் கூட்டம் என்று கூப்பிடுகிறார்கள். போகாவிட்டால் தலைக்கனம் என்பார்கள், போனால் இடுப்பு வலிக்கிறது. போய் உட்கார்ந்தால் இரண்டு கேள்வி தவறாமல் வரும். ஒன்று, நாவலை எப்படி முடிக்கிறீர்கள்? இன்னொன்று, உங்களுக்குப் பிடித்த படம் எது? கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், நான் ஏதாவது வெளிநாட்டுப் படத்தைச் சொல்ல வேண்டும், அவர் தலையாட்ட வேண்டும். நானும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு டீயைக் குடிப்பேன். உண்மையைச் சொல்லப் போனால் கதை நீளும். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே ஆள்தான். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

அக்காவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் இங்கேயும் வேண்டாம்.

எழுபதுகளின் நடுவில் மலாய் நாட்டுத் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஓர் அரசாங்க அடுக்குமாடியில் குடியிருந்தோம். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. பகலெல்லாம் சரக்குக் கணக்கு. விடிகாலையில் எழுந்து நாவல், அதாவது ஞாயிறு பத்திரிகைக்கு வாரம் ஓர் அத்தியாயம். அக்காவுக்கு ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல் வேலை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த ஒரு விதவை அம்மாள் எங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார், அவரோடு அக்கா ஒண்டிக்கொண்டிருந்தார். வீடு அந்த அம்மாள் பெயரில் இருந்தது.

சம்பளம் வந்த வாரக் கடைசியில் நான், என் மனைவி, அக்கா மூவரும் மேட்னி ஷோ போவோம். முதல் முறை போன படம் இன்னும் நினைவிருக்கிறது. பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு உயிருக்கு ஆபத்து. வெளியே மழை கொட்டுகிறது. அப்பா டிரைவரைப் பார்த்து, ஸ்டேஷனுக்குப் போய் டாக்டரை அழைத்து வா என்று கத்துகிறார். டிரைவர் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான். அடுத்த காட்சியில் டாக்டர் கதாநாயகியோடு டாக்சியில் வந்து இறங்கிவிடுகிறார். ஊசி போடுகிறார், பிள்ளை கண் திறக்கிறான், பாட்டு, கல்யாணம், வணக்கம். தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தது. கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று கச்சாங் பூத்தே கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டிருந்தோம்.

“தம்பி, அந்த டிரைவர் என்ன ஆனான்?” என்று அக்கா கேட்டார்.

“எந்த டிரைவர்க்கா?”

“ஸ்டேஷனுக்குப் போனானே. டாக்டர்தான் இங்க வந்துட்டாரே. அவன்கிட்ட யாராச்சும் போய்ச் சொன்னாங்களா?”

“சொல்லியிருப்பாங்கக்கா.”

“எங்க சொன்னாங்க? நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன். ஒருத்தரும் சொல்லல. அவன் மழையில நிக்கிறான்.”

என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகும் மழை நிற்குமா, கார் கதவு ஒழுகுமா என்ற யோசனையிலேயே இருந்தார்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். எந்தப் படத்துக்குப் போனாலும் கதை கைவிட்டுவிட்டுப் போன ஆளை அக்கா பிடித்துக்கொள்வார். கதாநாயகன் மணவறையிலிருந்து எழுந்து காதலியிடம் ஓடுவான், தியேட்டர் விசிலடிக்கும். அக்கா மட்டும், “ஐயையோ, பக்கத்துல உக்காந்திருக்கே அந்தப் பொண்ணு” என்று பதறுவார். கதாநாயகிக்குக் கண் ஆபரேஷன் செய்ய வெளிநாட்டிலிருந்து டாக்டர் விமானம் ஏறினால், “அங்க அவருக்கு வேற நோயாளி இல்லியா லா?” என்பார். வில்லன் செத்ததில் அவருக்கு வருத்தமில்லை. வில்லன் வீட்டுச் சமையல்காரிக்குச் சம்பளம் யார் கொடுப்பார் என்பதில்தான் வருத்தம்.

“ஒரு படம் நிம்மதியா பாக்க விடாது இந்த அக்கா” என்று என் மனைவி அலுத்துக்கொள்வாள். அலுத்துக்கொண்டே அடுத்த படத்துக்கும் அவளேதான் போய்க் கூப்பிடுவாள்.

படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் மச்சான் கல்யாணத்தில், பெண் வீட்டார் எல்லாரும் சுற்றி இருக்கும்போது, அக்கா என் மாமியாரிடம் கேட்டார்: “மொதல்ல ஒரு பொண்ணு பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்களே, சுங்கை பட்டாணி ஊருப் பொண்ணு, அதுக்கு எடம் அமைஞ்சுதா?” பந்தியில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் வேர்க்கிறது. அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. தப்பாக என்ன கேட்டுவிட்டோம் என்று முழித்தார். அந்தப் பெண்ணுக்கு இடம் அமைந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை என்பதும் உண்மை.

இப்படிப்பட்ட ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நம் தொடர்கதையையும் படித்தால் என்ன ஆகும்! அக்கா ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் கொஞ்சம் படித்தவர், எழுத்துக் கூட்டிச் சத்தமாகத்தான் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என் அத்தியாயத்தை அவர் வாசித்தால் அந்த மாடிக்கே கேட்கும். என் வாக்கியங்கள் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, பாவம், மூச்சு வாங்கும் அவருக்கு.

ஒரு தோட்டத்து வேலைநிறுத்தத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். தேடப்படும் கதாநாயகனை ஒரு கோப்பிக் கடைக்காரி ஓர் இரவு தன் கடையில் மறைத்து வைப்பாள். மறுநாள் அவன் தப்பிவிடுவான், கதை அவனோடு போய்விடும். அவ்வளவுதான் அவள் வேலை. அடுத்த ஞாயிறு அக்கா வாசித்து முடித்துவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“கோப்பிக் கடைக்காரியப் போலீஸ் ஒண்ணும் பண்ணலியா?”

“வரும்க்கா, வரும்.”

வரவில்லை. அதற்கடுத்த வாரமும் கேட்டார். பசாரில் கேட்டார், படிக்கட்டில் கேட்டார், என் மகளுக்குக் காய்ச்சலாக இருந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார். போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் கோப்பிக் கடைக்காரிக்கு என்று அரைப்பக்கம் எழுதி அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் கோலாலம்பூரிலிருந்து ஆபீசுக்குப் போன் செய்தார். “அண்ணே, எடம் பத்தல, அந்தக் கடைக்காரி பகுதியத் தூக்கிட்டேன். கதைக்கு அவ தேவையில்லதானே?” தேவையில்லைதான். ஆனால் வீட்டுக்குப் போனால் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

அந்த நாவலிலிருந்து எனக்கு முடிவு எழுத வராமல் போயிற்று. எங்கே முற்றுப்புள்ளி வைத்தாலும் யாராவது ஓர் ஆள் மழையில் நிற்பது தெரிந்தது. கதையை அப்படியே தொங்கவிட்டு நிறுத்திவிடுவேன். ஒரு விமர்சகர் இதைப் புது உத்தி என்று எழுதினார். பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரைகூட வாசித்தார்களாம். உத்தியாவது, மண்ணாவது! எல்லாம் எங்கள் அக்கா உயிரை வாங்கியதால் வந்த வினை.

நாவல் புத்தகமானபோது வெளியீட்டு விழா வைத்தோம். நம் ஊர் விழா எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொள்வார், பிறகு வரிசையாக வந்து பண உறை கொடுத்து, புத்தகம் வாங்கி, படம் எடுத்துக்கொள்வார்கள். வாங்கிய புத்தகத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைப்பார்கள். எனக்கு மாலை போட்டுப் போட்டுக் கழுத்து அரித்தது. கூட்டம் கலைந்ததும் அக்கா கேட்டது இதுதான்: “மைக்கு செட்டுக்காரர் காலையிலிருந்து நிக்கிறாரு தம்பி. அவருக்குச் சாப்பாடு எடுத்து வச்சீங்களா?” வைக்கவில்லை. அக்கா தன் தட்டைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைய பேச்சுகளில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை, இது மட்டும் நிற்கிறது.

அக்கா இந்த நாட்டுக்கு வந்த கதையை அவரே ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். சின்னப் பிள்ளையாக, ஒரு குடும்பத்தின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவரைக் கப்பலில் கூட்டி வந்தார்கள். ஜப்பான்காரன் வருவதற்குச் சற்று முன்னால் அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. அக்காவை நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, பிறகு ஆள் அனுப்புகிறோம் என்று போனார்கள். ஆள் வரவில்லை. சுதந்திரம் வந்த சமயத்தில் தோட்டத்தில் எல்லாரும் குடும்பம் குடும்பமாகக் குடியுரிமைக்குப் பதிந்தார்கள். அக்கா எந்தக் குடும்பத்திலும் இல்லாததால் அவரைப் பதிய யாருக்கும் தோன்றவில்லை. அவர் கையில் இருந்தது சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை. இங்கே இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை.

“அவங்க மேல கோபமே இல்லியாக்கா?” என்று கேட்டேன்.

“கோபம் என்ன தம்பி. அந்தக் கொழந்தைக்குத்தான் காதுல சீழ் வடிஞ்சுக்கிட்டே இருக்கும். கப்பல்ல யாரு தொடச்சு விட்டாங்களோ. இப்ப நாப்பது வயசாயிருக்கும்.”

இதுதான் காரணம், இதனால்தான் அக்கா அப்படி ஆனார் என்று எழுதச் சுலபமாக இருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. கைவிடப்பட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், பாதிப் பேர் அடுத்தவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கா அப்படி, அவ்வளவுதான்.

பிறகு ஆயா அம்மாள் இறந்துபோனார். அப்போதுதான் சிக்கல் வந்தது. குடிமக்களுக்கான நீல ஐசி இருந்தால் வீட்டை அக்கா பெயருக்கு மாற்றலாம். சிவப்பு என்றால் காலி செய்ய வேண்டும். விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் பதில் வரும்வரை விட்டுவைப்பார்கள். ஓடியாடி விண்ணப்பம் போட்டோம், நானும் ஒரு சாட்சி. மலாய் பேசத் தெரிகிறதா என்று அதிகாரி நேரில் கூப்பிட்டுப் பார்ப்பார் என்றார்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி, எனக்குத்தான் மலாய் தெரியுமே” என்று அக்கா தைரியமாகச் சொன்னார். பசாரில் அவர் பேசும் மலாய் எனக்கும் தெரியும். மீன் விலையைத் தாண்டாது.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. எங்கள் வீட்டு டிவியில் பழைய கறுப்பு வெள்ளை மலாய்ப் படங்கள் போடுவார்கள், சுல்தான், கடற்கொள்ளையர், சத்தியம் தவறாத வீரர்கள் என்று. அக்கா ஒன்று விடாமல் வந்து உட்கார்ந்து பார்ப்பார். நல்ல மலாய் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்!

நேர்காணலில் சாட்சி என்று என்னையும் உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், சாதுவான முகம். பெயர் என்னம்மா என்றுதான் கேட்டார். அக்கா எழுந்து நின்று, இரண்டு கையையும் நெற்றிக்குமேல் கூப்பி, “அம்பூன் துவாங்கு” என்று ஆரம்பித்தார். சுல்தான் முன்னால் குடிமகன் சொல்லும் சொல் அது. அதோடு விட்டாரா? வார்த்தைக்கு வார்த்தை ‘பாத்தேக்’, அதாவது அடியேன். அடியேன் கேண்டீனில் சமைக்கிறேன், அடியேனுக்கு வீடு வேண்டும் என்று சுத்தமான அரண்மனை மலாயில் சொல்லி முடித்தார். எனக்கு நாற்காலிக்கடியில் போய்விடலாம் போல இருந்தது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு கிராணிகளைக் கூப்பிட்டார். கேலி செய்யவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஆசையாகக் கேட்டார்கள். அக்கா படக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு வீரன் அரண்மனைக்குள் நுழைய வாசலில் இரண்டு காவல்காரர்களைக் குத்திப் போட்டுவிட்டுப் போகிறான். எல்லாரும் அந்த வீரனைத்தான் பார்க்கிறார்கள், அந்த இரண்டு பேர் பெண்டாட்டி பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள் துவாங்கு என்று கேட்டார். அதிகாரி கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு கடிதம் வரும், காத்திருங்கள் என்றார்.

“நல்ல மனுசன் தம்பி. ஆனா அவருக்கும் அந்தக் காவல்காரன் சங்கதி தெரியல பாருங்க” என்றார் அக்கா வெளியே வந்ததும்.

ரொம்ப நாள் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் எதுவும் போடவில்லை, போடுவதும் இல்லையாம். அரண்மனை மலாயால் கெட்டதா, வேறு எதனாலா, யாருக்குத் தெரியும்? இரண்டாவது தடவை போட்டோம். இந்த முறை நான் அக்காவை உட்கார வைத்து, பாத்தேக் வேண்டாம், ‘நான்’ என்பதற்கு எல்லாரும் சொல்கிற மாதிரி ‘சாயா’ என்று சொன்னால் போதும், கேட்டதற்கு மட்டும் பதில், படக் கதை கூடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அக்கா தலையாட்டினார்.

இரண்டாவது முறை வெளியே பெஞ்சில் வெகுநேரம் காத்திருந்தோம். ஒரு சிறுகதையின் அச்சுப் பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டதும் அக்கா போனார், போன வேகத்தில் வந்தார். வேறு அதிகாரி, இளைஞர்.

“எப்படி இருந்துச்சுக்கா?”

“நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன். அவரு என்னை நிமிந்தே பாக்கல.”

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக ஒன்றும் வரவில்லை. வீடமைப்பு ஆபீஸ்காரர்களும் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்களோடு ஹாலில் படுத்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி கையைப் பிடித்துக் கெஞ்சினாள். “ரெண்டு ரூம்புல பொண்ணு வேற வளந்து நிக்குது. நான் எங்க படுக்கிறது?” என்று சொல்லிவிட்டார். ஒரு தகரப் பெட்டியோடு நிபோங் திபால் தோட்டத்துக்கே போனார், கூட வேலை செய்த ஒருத்தியின் வீட்டுக்கு. ஃபெரியில் ஏற்றிவிடப் போனோம். என் மனைவி அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம்.

அதன்பின் என் நாவல்கள் ஒழுங்காக முடிந்தன. கெட்டவன் கெட்டான், நல்லவன் வாழ்ந்தான், முற்றும். கோப்பிக் கடைக்காரிகள் அவரவர் அத்தியாயத்தோடு போனார்கள், யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. பரிசுகூட ஒன்று கிடைத்தது. எழுதுவதில் எனக்கு இருந்த ருசி அந்த வருஷங்களில்தான் போனது. தியேட்டருக்குப் போவதும் நின்றது, வீடியோ வந்துவிட்டது. பாதிப் படத்தில் தூங்கிவிடுவேன். விழித்துப் பார்த்தால் எல்லாரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். யார் விடுபட்டார்கள் என்று தேட எனக்குச் சக்தி இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. அக்கா என் முகவரியைத்தான் கொடுத்திருந்தார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது, நேரில் வந்து உறுதிமொழி எடுத்துக்கொள்ளவும். என் மனைவி வாசித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “வீடு போன பெறகு இதை வச்சு என்ன பண்றது?” என்று யாரையோ திட்டினாள்.

நான் மறுநாள் லீவு போட்டுவிட்டு ஃபெரி ஏறி, பஸ் மாறி, தோட்டத்துக்குப் போனேன். அக்கா வீட்டுக்குப் பின்னால் முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் என் மனைவியை விசாரித்தார், மகளை விசாரித்தார், மாடிப்படியில் படுத்திருக்கும் பூனையைக்கூட விசாரித்தார்.

“கெடச்சிருச்சுக்கா. நீல ஐசி குடுக்கறாங்க.”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். மேலும் கீழும் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன்.

“வீட்டுல இப்ப யாரு இருக்கா?” என்றார்.

“புதுசா ஒரு குடும்பம்க்கா. ரெண்டு சின்னப் புள்ளைங்க.”

“குளிக்கிற ரூம்புக் கொழாய் ஒழுகும். தரை வழுக்கும். சொன்னீங்களா அவங்ககிட்ட?”

“சொல்றேன்க்கா. நீங்க கெளம்புங்க, வர்ற வாரமே போய்ச் சத்தியம் பண்ணிட்டு வந்துருவோம்.”

அக்கா எழுந்திருக்கவில்லை. காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி, ரெண்டாவது தடவ போனமே, அன்னைக்கு பெஞ்சுல எனக்கு அந்தப் பக்கம் ஒரு சீனக் கெழவி உக்காந்திருந்தாளே. கறுப்பு சிலுவார் கால்சட்ட போட்டுக்கிட்டு. டின்னுல பிஸ்கட்டு வச்சிருந்தா, எனக்கும் ஒண்ணு குடுத்தா. அவளுக்கு வந்துச்சா?”

நான் நினைத்து நினைத்துப் பார்த்தேன். சுவர், மின்விசிறி, மடியில் அச்சுப் பிரதி, அதிலிருந்த பிழைகள்கூட நினைவுக்கு வந்தன. சீனக் கிழவி மட்டும் வரவில்லை.

“தெரியலக்கா.”

“எப்படித் தெரியாம போவும்? அவ எனக்கு முந்தின நம்பரு தம்பி. அவளுக்குல்ல மொதல்ல வந்திருக்கணும்.”